மெஷினுக்கு இட்ட திருநீறு

செப்டம்பர் 10

இதுவரை இந்த டைரியில் சலவைக்குப் போட்ட வேட்டியையும் வராத தண்ணீர் லாரியையும் பற்றித்தான் எழுதிவந்தேன். இன்றோடு அந்தச் சில்லறைக் காலம் முடிந்தது. சுடரொளி மெயிலிங் சர்வீஸ் முதலாளி தணிகாசலம் காலையில் என்னைத் தம் அறைக்கு அழைத்து, நாற்காலி கொடுத்து, ஃபேனையும் என் பக்கம் திருப்பி வைத்தார். ஃபேன் திரும்பினால் விஷயம் பெரிது என்பது திருச்சி மேலப்புலிவார்டு ரோடு முழுக்கத் தெரிந்த சங்கதி.

எங்கள் தொழில், ஊரார் கடிதங்களை அச்சடித்து, மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்ப்பது. அந்தச் சாம்ராஜ்யத்துக்குக் குஞ்சிதபாதமாகிய நான் மேனேஜர். இப்போது ஒரு கூட்டுறவு வங்கி, தன் வாடிக்கையாளர்களுக்கு ஏ.டி.எம். பின் நம்பர் அனுப்பும் வேலையை எங்களுக்குத் தரச் சம்மதித்திருக்கிறது. ஒரே நிபந்தனை, கவர் கூடாது. கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவிடலாமாம். பிரஷர் சீல் மெஷின் வேண்டும் என்கிறார்கள்.

விஷயம் இதுதான். தாளின் ஓரத்திலேயே பசைக்கோடு போட்டு வரும். விரலால் தொட்டால் ஒட்டாது, தண்ணீர் பட்டாலும் ஒட்டாது. மெஷின் அதை மடித்து, இரண்டு உருளைக்கு நடுவே கொடுத்து நசுக்கினால்தான் ஒட்டும். ஒட்டிய பிறகு ஓரத்தைக் கிழித்தால்தான் திறக்கும். கிழித்ததைத் திரும்ப ஒட்ட பிரம்மாவாலும் ஆகாது.

மெஷினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. நாளை மறுநாள் சென்னைப் பயணம். வேதவல்லியிடம் சொன்னேன். என் தர்மபத்தினி, வரும்போது பெருங்காயம் வாங்கி வரச் சொன்னாள்.

செப்டம்பர் 13

சென்னையில் இரண்டு மெஷின்களை எனக்கு எதிரே நிறுத்தினார்கள். ஒன்று மேஜை மேல் வைக்கிற சின்னது. பார்க்க லட்சணம், ஆனால் கொஞ்ச நேரம் ஓடினால் மூச்சு வாங்கி ஓய்வு கேட்கிறது. மற்றது மாவு மில் போலத் தரையில் நிற்பது. தாளை இரண்டாகவும் மடிக்கும், மூன்றாகவும் மடிக்கும், ஓடிய எண்ணிக்கையைத் தானே காட்டும், மூடிக்குப் பூட்டு சாவி உண்டு. நமக்கு வேலை மாதம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. மாதக் கடைசியில் காவிரி வெள்ளமாக வரும். ஆகவே பெரியது.

சும்மா வாங்கிவிடவில்லை. ஒட்டிய தாளை டீக்கடை பாய்லர் ஆவியில் காட்டினேன். வாளித் தண்ணீரில் போட்டேன். மேலே உட்கார்ந்தேன். நகத்தால் நெம்பினேன். விற்பனைப் பிரதிநிதி ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தாள் அசையவில்லை. மலை பிளக்கும், இது பிளக்காது என்று முதலாளிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

பெருங்காயம் மறந்துவிட்டது.

செப்டம்பர் 27

மெஷின் வந்தது. மாடிப்படியில் ஏற்றும்போது கட்டடமே ஒரு சாண் கீழே இறங்கியதாக நான் உணர்ந்தேன். மற்றவர்கள் உணரவில்லை.

கம்பெனி இன்ஜினீயர் அன்வர், ஓட்டும் விதத்தை மங்கைக்குச் சொல்லிக்கொடுத்தார். மங்கை, அதாவது மங்கையர்க்கரசி, என் அக்கா சிவகாமியின் மகள். பி.காம். படித்துவிட்டு ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிய பெண். ஆறு மாதத் தற்காலிக வேலையாக இங்கே சேர்த்துவிட்டது அடியேன்தான். பொங்கலோடு நிரந்தரம் ஆகவேண்டும். ஆபீஸில் என்னை சார் என்பாள், வீட்டில் மாமா. ஒருநாளும் இடம் மாறிக் கூப்பிட்டதில்லை.

அன்வர் மூன்று கட்டளை இட்டார். உள்ளே இருக்கும் உருளைகளில் எண்ணெய், பவுடர், தூசி எதுவும் படக்கூடாது. பட்டால் அது பசைக்கோட்டில் ஏறிக்கொள்ளும், அப்புறம் ஒட்டாது. மூடியைச் சுத்தம் செய்ய மட்டும் திறக்கவேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் முதலில், நடுவில், கடைசியில் ஒன்றிரண்டு தாளைக் கிழித்துப் பார்த்த பிறகே மூட்டை கட்டவேண்டும்.

மங்கை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் தலையாலேயே வாங்கிக்கொண்டேன். மூடிச் சாவி ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம்.

அக்டோபர் 6

முதல் லாட் போயிற்று. வங்கியிலிருந்து எஸ்தர் கிருபாவதி என்ற அதிகாரியம்மா வந்து பார்த்தார். சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வாங்குகிற ரகம். ஒரு தாளை இழுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், திருப்தி என்றார். மங்கை மெஷினை ஓட்டுவதைக் காணக் கண்கோடி வேண்டும். சத்தம் லேசாக மாறினாலே எங்கே தாள் சிக்கப்போகிறது என்று சொல்லிவிடுகிறாள்.

சாயங்காலம் அக்கா பணியாரம் கொடுத்தனுப்பினாள். எல்லாம் என் கைராசி என்று சொல்லி அனுப்பினேன். ஆமாம், உன் கை பட்டால் பணியாரம்கூட மிஞ்சாது என்று பதில் வந்தது.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. ஆபீஸைக் கழுவி, மாவிலை கட்டி, கம்ப்யூட்டர், பிரிண்டர், தராசு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூஜை, வழக்கம்போல என் தலைமையில். நான் மணியடித்த அடியில் மலைக்கோட்டைப் பிள்ளையார் எட்டிப் பார்த்திருப்பார்.

புது மெஷினுக்கு நெற்றி எது என்று ஒரு சர்ச்சை கிளம்பிற்று. தாள் போகும் வாய்க்கு மேலே உள்ள தகரம்தான் நெற்றி என்று தீர்ப்பளித்து, திருநீற்றைக் குழைத்துப் பட்டை இட்டேன். மற்றவர்கள் பொரி கட்ட வெளியே போனபோதும் நான் மெஷினுடன் சற்று நேரம் இருந்தேன். வெளியே இருப்பது வெறும் தகரம். உயிர் உள்ளே அல்லவா இருக்கிறது. கொஞ்சம் தாராளமாகவே பூஜை செய்தேன். தாராளம் எதுவரை போயிற்று என்று இங்கே எழுதவேண்டியதில்லை.

பொரியில் கடலை குறைவு.

அக்டோபர் 24

விஜயதசமி. நல்ல நாளில் தொட்டது துலங்கும் என்று வங்கியின் இரண்டாவது லாட்டை இன்றே ஓட்டச் சொன்னேன். மங்கை வெளியில் இருந்த சந்தனம், குங்குமம், பட்டை எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு ஓட்டினாள். மதியத்துக்குள் முடிந்தது.

முடிந்ததும் வழக்கப்படி சிலதைக் கிழித்துப் பார்க்க எடுத்தாள். நான் தடுத்தேன். விஜயதசமி அன்று முதன்முதலாகச் செய்த பொருளை யாராவது கிழிப்பார்களா? குழந்தைக்கு நெல்லில் அ எழுதவைத்துவிட்டு உடனே அழிப்பார்களா? அவள் தயங்கினாள். அன்வர் சார் சொல்லியிருக்காரே என்றாள். அன்வருக்கு மெஷின் தெரியும், எனக்கு நாள் தெரியும் என்றேன். மூட்டை கட்டி, நானே ஆட்டோவில் ஏற்றித் தலைமைத் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

அக்டோபர் 25

மெஷினைச் சுத்தம் செய்த மங்கை, காலையில் என் மேஜைக்கு வந்து நின்றாள். நேற்றைய மூட்டையைத் தபாலாபீஸில் சொல்லித் திரும்ப வாங்கமுடியுமா என்று கேட்டாள். ஏன் என்றேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு, சும்மாதான் சார் என்றாள்.

தபாலில் போட்டதும் உலையில் போட்டதும் திரும்பாது என்றேன். போய்விட்டாள்.

மழை ஆரம்பித்திருக்கிறது. மாடி ஜன்னலில் ஒழுகல். இரண்டு பக்கெட் வைத்தேன்.

அக்டோபர் 29

இன்று நடந்ததை அலட்டாமல் எழுதுகிறேன். வங்கியிலிருந்து போன். இரண்டாவது லாட்டின் பின் நம்பர் தாள்கள் பலருக்குத் திறந்த நிலையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சில வீடுகளில் தபால்காரர் கொடுக்கும்போதே விரிந்து நம்பர் தெரிந்ததாம்.

முதலாளி ஃபேனைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 30

அதிகாரியம்மா வந்தார். பிளாஸ்டிக் பையில் தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். எந்தத் தாளிலும் ஓரம் கிழியவில்லை. கிழியாமல் திறந்திருக்கிறது என்றால், யாரோ கத்தி விட்டுப் பிரித்து, நம்பரைப் பார்த்துவிட்டு, மறுபடி அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவர் கணக்கு. பணம் எதுவும் போகவில்லை, எல்லாக் கார்டையும் முடக்கிவிட்டார்கள். ஆனாலும் யார் என்று தெரிந்தாகவேண்டும்.

மெஷின் அறையில் தனியாக இருந்தது யார் என்று கேட்டார். மங்கை, நான்தான் மேடம் என்றாள். கிழித்துப் பார்த்த மாதிரித் தாள்கள் எங்கே என்றார். அன்றைக்குக் கிழிக்கவில்லை என்றாள். ஏன் என்றார்.

மங்கை பதில் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் அந்தச் சமயத்தில் ஜன்னல் பக்கெட் நிறைந்துவிட்டதைக் கவனித்து, அதைக் கொட்டப் போனேன். பக்கெட் நிஜமாகவே நிறைந்திருந்தது.

அக்டோபர் 31

பல காரணங்களை அலசினேன். ஒன்று, மழை. தபால் மூட்டைகள் ஒரு கப்பலே மிதக்கும் தண்ணீரில் கிடந்திருக்கும். இரண்டு, பசை மட்டம், தாள் கம்பெனியின் மோசடி. மூன்று, தபால் நிலையத்து எலிகள். எலிகள் நம்பர் படிக்குமா என்பது ஆராய்ச்சிக்குரியது.

எல்லோரும் சாப்பிடப் போனபோது என் சாவியால் மெஷின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே உருளைகள் விளக்கிய குத்துவிளக்குப் போலப் பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஆக, உருளைக்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நிரூபணமாயிற்று.

நானே அன்று பார்த்துப் பார்த்துச் செய்ததை யார் துடைத்தார்கள் என்று மட்டும் ஒரு கேள்வி வருகிறது. வரட்டும். கேள்விகள் வரும், போகும்.

பெருங்காயம் இன்று வாங்கிவிட்டேன்.

நவம்பர் 2

விசாரணை முடியும்வரை மங்கை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்குப் போனேன். தைரியம் சொல்லத்தான் போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்தபடி, நிமிராமல் பேசினாள். தெருவில் அதற்குள் யாரோ, உங்க பொண்ணு பேங்க் நம்பரைத் திருடிட்டாளாமே என்று கேட்டிருக்கிறார்கள். ஜவுளிக்கடை வேலையில் கால்தான் வீங்கியது, பெயர் கெடவில்லை என்றாள். நான் உலகத்தின் எல்லா நீதிமன்றங்களையும் அங்கே கூட்டிவைத்து, ஒரு வாரத்தில் உண்மை வெளிவரும் என்று முழங்கினேன்.

மங்கை காபி கொண்டுவந்து வைத்தாள்.

“எடுத்துக்குங்க சார்” என்றாள்.

வீட்டில். அவள் அம்மா எதிரில். அக்கா முறத்தை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காபி நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் குடிக்கவில்லை.

நவம்பர் 4

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 6

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

சொன்ன விதம் இப்படி. உள்ளே போய், கதவைச் சாத்தி, “முதலாளி, ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினுக்குத் திருநீறு பூசினேன். அதனாலதான் ஒட்டல. தப்பு என்னுது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“குஞ்சிதம், போன வருஷம் லீவு கேக்கும்போது வீட்டுக் கெணத்துல முதலை வந்துருச்சுன்னீங்க. அதுக்கு முந்தி, உங்க மச்சான் கல்யாணத்துல பந்தி பரிமாறிப் பரிமாறிக் கை ஒரு ஜாண் நீண்டுருச்சுன்னீங்க. இப்ப அக்கா பொண்ணைக் காப்பாத்தணும்னு சாமியையே சாட்சிக்கு இழுக்கறீங்க. உங்க பாசம் புரியுது. ஆனா பேங்க்காரங்ககிட்ட இதைப் போய்ச் சொன்னா என்னையும் சேத்துச் சிரிப்பாங்க.”

லாரி வைத்திருக்கும் தன் மச்சான்கள் எல்லோரும் இன்ஜினுக்கே பட்டை போடுகிறார்கள், எந்த லாரி நின்றது என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்லியாயிற்று, நம்பாதது அவர் குற்றம் என்று எனக்கே எடுத்துச் சொன்னேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

வேதவல்லி, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வயிறு என்றேன். இத்தனை வருஷத்தில் உங்கள் வயிறு ஒருநாளும் உங்களைக் காட்டிக்கொடுத்ததில்லையே என்றாள்.

நவம்பர் 8

அதிகாரியம்மா நாளை வருகிறார். மங்கை பெயரை எழுதிப் போலீஸில் புகார் கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை அவளைக் கேட்க வேண்டுமாம். அவளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அச்சடிக்காத வெற்றுத் தாள்கள் ஸ்டாக்கில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருக்கின்றன.

நவம்பர் 9

மெஷின் அறையில் நான்கு பேர். அதிகாரியம்மா, முதலாளி, மங்கை, நான்.

பேசுவதற்கு முன் செய்து காட்ட அனுமதி வேண்டும் என்றேன். முதலாளி, குஞ்சிதம் வேண்டாம் என்று முனகினார். சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தேன். அதிகாரியம்மாவுக்கு இது என்ன சடங்கு என்று விளங்கவில்லை. ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் இப்படிப் பூசுவோம், இதுதான் காரணம் என்று விளக்கி, மெஷினின் வாய்க்கு மேலே தகரத்தில் பட்டை இட்டு, வெற்றுத் தாள்களை ஓட்டினேன்.

தாள்கள் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தன. அதிகாரியம்மா நகத்தால் நெம்பினார், இழுத்தார். திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி, மன்னிச்சுக்குங்க மேடம், இவர் கொஞ்சம் அப்படித்தான் என்றார்.

எனக்குத் தெரியும் எங்கே பூசினேன் என்று. நேற்றுவரை இந்த டைரிக்குக்கூட அதைச் சொல்லவில்லை. இன்று, அத்தனை பேர் எதிரிலும், தகரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று கை பார்த்தது. ஒட்டிவிட்டதே, இனி நான் என்ன செய்வது என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது மங்கை பேசினாள்.

“வெளிய இல்ல சார். மூடியைத் தெறந்து உள்ள உருளைல பூசுனீங்க. மூணு விரலு. காஞ்சு பொடியா இருந்துச்சு. லாட் ஓட்டுன மறுநாள் நான்தான் தொடச்சேன்.”

நான் சாவியை எடுத்து மூடியைத் திறந்தேன். அன்வர் தொடவே கூடாது என்று சொன்ன உருளைகளில், அன்று போலவே மூன்று விரலால் பூசினேன். பட்டை கோணிற்று. ஃபேன் காற்றில் அது காயும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு தாள்களை ஓட்டினேன்.

அதிகாரியம்மா முதல் தாளை எடுத்தார். ஓரத்தில் விரல் வைத்ததும் அது திறந்துகொண்டது. இரண்டாவதும். மூன்றாவதும். பசைக்கோட்டில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு இருந்தது. தம் பையிலிருந்து திறந்துபோன பழைய தாள் ஒன்றை எடுத்து, பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அதிலும் அதே படிவு.

கிழித்துப் பார்க்கவிடாமல் தடுத்ததும் நான்தான் என்றேன். கேட்காமலே சொன்னேன்.

அவர் மங்கையிடம் திரும்பினார். “தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? உங்க பேர்ல புகார் எழுதி ரெடியா வச்சிருக்கோம்.”

“நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு மாமா தலையில கட்டுறான்னுவீங்க மேடம். சின்ன வயசுலேர்ந்து இவரு சொல்ற எல்லாத்தையும் நம்பி வளந்தவ நான். இதை மட்டும் அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். பத்து நாளாச்சு, சொல்லலை” என்றாள்.

புகார் எழுதிய தாளை அதிகாரியம்மா அங்கேயே கிழித்தார். கெட்டுப்போன லாட்டை மறுபடி எங்கள் செலவில் செய்து தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். வங்கி வேலை தப்பியது. மங்கையை நாளைக்கே வந்து சேரச் சொன்னார்.

வரேன் சார், ஒண்ணு மட்டும் என்றாள் மங்கை. அவள் என் பக்கம் திரும்பவில்லை. “மெஷின் ரூமுக்குள்ள மேனேஜர் வரக்கூடாது. அவர்கிட்ட இருக்கிற சாவியும் எனக்கு வேணும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சாவியை மேஜையில் வைத்தேன்.

நவம்பர் 12

அக்கா வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் இன்னும் வரவில்லை. வேதவல்லி வாசலை இரண்டு தடவை பார்த்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 15

நல்ல மழை. மங்கை நேரத்துக்கு வந்தாள். குடையை மடித்து வெளியே வைத்துவிட்டு, மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கெட்டுப்போன லாட்டைத் திரும்ப ஓட்டுகிறாள். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து முகவரிகளைச் சரிபார்த்தேன்.

மதியம் தாள் கம்பெனியின் ஆள் புதுக் கட்டு கொண்டுவந்தான். புது ஆள். தலையில் சுமையோடு கதவருகே நின்று, உள்ளே வைக்கட்டுமா மேனேஜர் சார் என்று கேட்டான்.

“அம்மாவைக் கேளுங்க. உள்ள போக எனக்கு உத்தரவு இல்ல” என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்டினான்.